வளையம் திருகிய விரல்

1984ஆம் ஆண்டின் பிற்பகுதி. பாகிஸ்தானில் பெஷாவருக்கு அருகே நாசிர் பாக் அகதி முகாம். கூடாரத்துக்குள் நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்தில், பச்சைக் கண்களுடைய ஆப்கன் சிறுமி ஒருத்தியை அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி படம் எடுத்தார். அவர் கையில் இருந்தது நிக்கான் எஃப்எம்2, அதில் 105 மி.மீ. லென்ஸ். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் இயங்கும் கேமரா அது. பேட்டரி வேண்டியது ஒளியை அளக்க மட்டும்தான். ஃபோகஸ் செய்வது முழுக்க விரல் வேலை. இவ்வகை லென்ஸின் துளையை நன்றாகத் திறந்து அருகிலிருந்து எடுத்தால், படத்தில் கூர்மையாக விழும் ஆழம் சில சென்டிமீட்டர்தான். சிறுமி சற்றே முன்னால் சாய்ந்தால் கண் போய்விடும், காது மிஞ்சும்.

அந்தக் கண்கள் தப்பவில்லை. 1985 ஜூனில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் வந்து உலகம் சுற்றின. (அந்தச் சிறுமியின் சம்மதம் பற்றிய கேள்விகள் பின்னாளில் எழுந்தன, அது தனிக்கதை.) அட்டைப்படம் கடைக்கு வருவதற்கு நாலு மாதம் முன்பு, 1985 பிப்ரவரியில், ஜப்பானில் மினோல்டா நிறுவனம் ஒரு கேமராவை அறிமுகப்படுத்தியிருந்தது. பொத்தானைப் பாதி அமுக்கினால் போதும், லென்ஸ் தானே திரும்பி ஃபோகஸ் செய்துகொள்ளும். விரலின் காலம் முடிந்தது என்று அன்றே எழுதினார்கள். அது இன்னும் முடிந்தபாடில்லை.

உண்மையில் மனிதக் கண்ணை நம்பலாமா என்ற சந்தேகம், புகைப்படக் கலை பிறந்த கையோடு வந்துவிட்டது. 1839இல் பாரிஸில் டாகரோடைப் முறை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு, அதுவரை இருந்தவற்றைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விடும் லென்ஸை உருவாக்கினார். ஆள் அசையாமல் உட்கார வேண்டிய நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளுக்கு இறங்கியது. ஆனால் துளை பெரிதானால் ஃபோகஸ் ஆழம் குறையும். தப்பு செய்ய இடம் கூடும். போதாததற்கு இன்னொரு சிக்கல். அன்றைய ரசாயனத் தகடுகளுக்கு நீல ஒளிதான் தெரியும், மனிதக் கண்ணுக்கோ மஞ்சளும் பச்சையும் பளிச்சென்று தெரியும். அந்தக் கால லென்ஸ்கள் பலவற்றில் இவ்விரு ஒளிகளும் ஒரே இடத்தில் குவியவில்லை. கண்ணால் பார்த்து அச்சுப் பிசகாமல் ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு கணக்குப்படி லென்ஸைக் கொஞ்சம் நகர்த்திவைக்க வேண்டும். லண்டனில் ஸ்டுடியோ வைத்திருந்த அந்துவான் கிளோதே இந்த வித்தியாசத்தை அளப்பதற்கென்றே ஒரு கருவி செய்தார். கண் சொல்வது வேறு, தகடு பார்ப்பது வேறு. டிஜிட்டல் காலத்தில் இதே வியாதி வேறு பெயரில் திரும்பி வந்ததைப் பின்னால் பார்க்கலாம்.

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்து, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துவதுதான் அடுத்த அரை நூற்றாண்டின் முறை. மெதுவான வேலை, ஆனால் பிழை குறைவு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஒரே நீளப்படமாக்கினார். கல்லில் வெட்டிய எழுத்து வாசிக்கும்படி விழ வேண்டுமே! வெயிலில், துணிக்குள் வியர்த்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முறை ஃபோகஸ். கல்வெட்டு நகராது என்பது ஒன்றுதான் அவருக்குக் கிடைத்த சலுகை.

இந்தப் பாட்டையே வேண்டாம் என்று தூக்கிப்போட்டவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888இல் அவர் விற்ற கோடக் பெட்டிக் கேமராவில் ஃபோகஸ் வளையமே கிடையாது. லென்ஸின் துளை சிறிது, குவியத் தூரமும் குறைவு. அதனால் சில அடி தள்ளி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே ஓரளவு தெளிவாக விழும். 100 படம் எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். 1900இல் ஒரு டாலருக்கு பிரௌனி வந்தது. பிள்ளைகளும் படம் எடுத்தார்கள்.

ஆட்டோஃபோகஸின் உண்மையான தாத்தா இந்தப் பெட்டிதான். ஃபோகஸ் செய்வதை அது எளிதாக்கவில்லை, ஒழித்தே விட்டது. இந்தியாவில் ஒரு தலைமுறைக்கு முதல் கேமராவாக இருந்த ஆக்ஃபா கிளிக் III அதே பரம்பரை. 1990களில் பிறந்தநாள் விழாக்களிலும் கல்லூரிச் சுற்றுலாக்களிலும் புகுந்த கோடக் கேபி10-உம் அதே பரம்பரைதான். ‘ஃபோகஸ் ஃப்ரீ’ என்று அட்டைப்பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். விலையில்லா இலவசம் என்று அதற்குப் பொருள் கொண்டவர்கள் உண்டு. ஒரு வகையில் தப்பில்லை.

தொழில்காரர்களுக்கு அது போதாது. அவர்களுக்கு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று ரேஞ்ச்ஃபைண்டர். 1932இல் வந்த லைக்கா II-இல் இரண்டு சாளரங்கள் வழியாக வரும் இரண்டு உருவங்கள் ஃபோகஸ் பார்க்கும் துளைக்குள் விலகித் தெரியும்; வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி. மற்றொன்று எஸ்எல்ஆர். லென்ஸ் பார்ப்பதையே கண்ணாடி வழியாகக் கண்ணும் பார்க்கும். 1959இல் வந்த நிக்கான் எஃப் அதைப் பத்திரிகைக்காரர்களின் தோளில் ஏற்றியது. திரையின் நடுவில் ஒரு சிறு வட்டம்; ஃபோகஸ் தப்பினால் அதற்குள் தெரியும் கோடு இரண்டாக வெட்டுப்பட்டு நிற்கும். வெட்டுப்பட்ட மூக்கை ஒட்டவைப்பதுதான் அன்றைய பயிற்சி.

கைதேர்ந்தவர்கள் பல நேரம் ஃபோகஸ் செய்யவே மாட்டார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. தெருவில் படம் எடுப்பவர் துளையைச் சிறிதாக்கி, வளையத்தை மூன்று மீட்டரில் வைத்துவிட்டு, ஆள் அந்த எல்லைக்குள் வரும்வரை காத்திருப்பார். கால்பந்து படம் எடுப்பவர் கோல் கம்பத்துக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஓடும் ஆளைத் துரத்தியே தீர வேண்டுமென்றால் ஜெர்மனியின் நோவோஃப்ளெக்ஸ் லென்ஸ் இருந்தது: துப்பாக்கிப் பிடி மாதிரியான கைப்பிடியை அழுத்த அழுத்த லென்ஸ் நகரும். மைதான ஓரத்தில் அதை இயக்கப் பழகுவதற்கே மாதக்கணக்கு ஆகும்.

சென்னையைச் சேர்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனை இங்கே நினைக்காமல் தாண்ட முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். காட்டு யானைகளையும் மான்களையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஒரு நிறுவனத்தின் கேமரா உடலில் இன்னொரு நிறுவனத்தின் தொலைலென்ஸைத் தாமே பொருத்திக்கொண்ட அந்தக் கலவைக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். பழக்கிய யானையின் முதுகில் உட்கார்ந்து, அது மூச்சு விடும் ஆட்டத்தையும் சமாளித்து, கையால் ஃபோகஸ். மிருகம் எப்போது தலையைத் திருப்பும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் அது கைகூடும். ஒரு வாழ்நாள் முழுக்க மிருகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

இயந்திரம் இந்தத் துறைக்குள் நுழைந்தது தொழில்காரர் வழியாக அல்ல, குடும்பப் படம் எடுப்பவர் வழியாக. ஜப்பானில் கோனிகா நிறுவனம் 1975இல் ஃப்ளாஷை உள்ளேயே வைத்த சிறு கேமராவை விற்றது. இருட்டுப் படப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. மங்கல் படப் பிரச்சினை மிச்சம். 1977இல் சி35 ஏஎஃப் வந்தது. கடைகளில் விற்ற முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா அதுதான். ஜப்பானில் அதன் செல்லப் பெயர் ‘ஜாஸ்பின்’. அதில் வரும் ‘பின்’, ஃபோகஸுக்கு ஜப்பானியர் சொல்லும் ‘பின்டோ’; அந்தச் சொல் டச்சு மொழியிலிருந்து போனது. உள்ளே இருந்த மூளையோ அமெரிக்காவுடையது: ஹனிவெல் நிறுவனம் செய்த விசிட்ரானிக் என்ற சிறு கருவி. பழைய ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு உருவங்களைக் கண்ணுக்குப் பதிலாக ஒளியுணரிகள் ஒப்பிட்டன. அவ்வளவுதான்.

அடுத்தடுத்து வந்தவை ஆளுக்கொரு புலனைப் பிடித்துக்கொண்டன. போலராய்டு 1978இல் வௌவாலைப் போலக் காதை நம்பியது: மீயொலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணித்தது. கும்மிருட்டிலும் வேலை செய்யும். ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தால் மட்டும், வெளியே நிற்கும் மாமாவை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு ஃபோகஸ் செய்யும். (அந்த ஒலிக் கருவி பின்னாளில் ரோபோக்களுக்குத் தூரம் காட்டப் போனது, கேமராவைவிட அங்கே அதற்கு நல்ல பெயர்.) கேனான் 1979இல் அகச்சிவப்புக் கதிரை வீசிப் பார்த்தது. ஜப்பானில் அந்தக் கேமராவின் பெயர் ‘ஆட்டோபாய்’.

ஆட்டோபாய் வகைக் கேமராக்களுக்கு ஒரு நோய் இருந்தது. புது மணமக்கள் தோளோடு தோள் நிற்கிறார்கள். கதிர் படத்தின் நட்டநடுவில், இரண்டு தலைகளுக்கும் இடையே உள்ள சந்தில் புகுந்து, பின்னாலிருக்கும் மலையைத் தொட்டுத் திரும்புகிறது. மலை கூர்மை, மணமக்கள் மசமச. ஜப்பானியர் இதற்கு ‘நாகானுகே’ என்றே பெயர் வைத்தார்கள். நடு ஓட்டை என்று சொல்லலாம். மருந்து எளியது: நடுப்புள்ளியை ஒருவர் முகத்தில் வைத்து, பொத்தானைப் பாதி அமுக்கிப் பிடித்து, பிறகு கேமராவை நகர்த்த வேண்டும். எந்த முகம் என்பதைச் சொல்ல மனிதர் தேவைப்பட்டார். இயந்திரத்துக்குத் தூரம் தெரியும், யார் முக்கியம் என்பது தெரியாது. அடுத்த நாற்பது ஆண்டு கேமரா வரலாறு, இந்த இரண்டாவது வேலையையும் மெல்ல மெல்லக் கையிலிருந்து வாங்கிக்கொண்ட வரலாறு.

எஸ்எல்ஆர் பக்கம் வந்தால், ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம், அதாவது லைக்காக்காரர்கள், 1976இலேயே கொலோன் நகரின் ஃபோட்டோகினா கண்காட்சியில் வேலை செய்யும் ஆட்டோஃபோகஸைக் காட்டிவிட்டார்கள். ஆனால் அதைக் கடைக்குக் கொண்டுவரவில்லை. பென்டாக்ஸ் 1981இல் எம்ஈ-எஃப் என்று ஒன்றை விற்றது. லென்ஸுக்கு அடியில் பேட்டரிப் பெட்டி தொங்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். நிக்கானும் ஒலிம்பஸும் 1983இல் முயன்றன. எதுவும் எடுபடவில்லை.

பிறகுதான், தொடக்கத்தில் சொன்ன அந்த மினோல்டா கேமரா, 7000. மோட்டாரும் உணரியும் கேமரா உடலுக்குள், அதற்கெனப் புதிதாகச் செய்த லென்ஸ் வரிசை. லென்ஸின் இரு ஓரங்கள் வழியாக வரும் ஒளியைத் தனித்தனியே பிடித்து ஒப்பிட்டால், ஃபோகஸ் எந்தப் பக்கம், எவ்வளவு தப்பியிருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். முன்னும் பின்னும் தேட வேண்டாம். ஜப்பானியக் கேமரா உலகம், அங்கே அதற்கிருந்த பெயரை ஒட்டி, அதை ‘ஆல்ஃபா அதிர்ச்சி’ என்றது. அமெரிக்காவில் ‘மேக்ஸம்’ என்ற பெயரில் விற்றார்கள். பெயரிலிருந்த இரண்டு எக்ஸ் எழுத்துகளைப் பின்னிப்போட்டதால் எக்ஸான் எண்ணெய் நிறுவனம் எதிர்ப்புத் தெரிவிக்க, எழுத்தை மாற்ற நேர்ந்தது. அது சின்ன அடி. பெரிய அடியை ஹனிவெல் கொடுத்தது. தன் காப்புரிமைகளை மீறிவிட்டதாக வழக்குப் போட்டு, கடைசியில் 1992இல் மினோல்டாவிடமிருந்து சுமார் 12 கோடியே 75 லட்சம் டாலர் வாங்கியது. மற்ற ஜப்பானிய நிறுவனங்களும் வரிசையில் வந்து பணம் கட்டின. ஹனிவெல்லோ கேமரா வியாபாரத்தையே விட்டுவிட்ட நிறுவனம்.

மினோல்டாவுக்கு மற்ற இரு பெரிய நிறுவனங்களும் சொன்ன பதில்களில் இரண்டு குணங்கள் தெரிகின்றன. நிக்கான் 1959இலிருந்து வந்த, லென்ஸ் பொருந்தும் வாயை மாற்றவில்லை. 1986இன் எஃப்-501இல் மோட்டாரை உடலில் வைத்து, ஒரு திருகாணி வழியே லென்ஸைச் சுழற்றியது. முன்பு வாங்கிய லென்ஸ்கள் பலவும் பொருந்தும். கேனான் 1987 மார்ச்சில் இஓஎஸ் 650-ஐ வெளியிட்டபோது, 1971இலிருந்து விற்றுவந்த எஃப்டி லென்ஸ்களை ஒரே நாளில் அநாதை ஆக்கியது. புது வாய், ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் தனி மோட்டார், கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மின்தொடர்பு மட்டும். வீட்டை விற்று லென்ஸ் வாங்கியவர்கள் சபித்தார்கள். ஆனால் அதே ஆண்டு மீயொலி மோட்டாருடன் வந்த 300 மி.மீ. லென்ஸ் சத்தமில்லாமல் சட்டென்று திரும்பியதைப் பார்த்ததும், விளையாட்டுப் புகைப்படக்காரர்கள் ஒவ்வொருவராகக் கட்சி மாறினார்கள். 1990களின் மைதான ஓரங்களில் வரிசையாகத் தெரிந்த வெள்ளை லென்ஸ்கள் அந்தக் கட்சி மாறலின் சாட்சி. கேனான் அன்று ஈவிரக்கமில்லாமல் நடந்துகொண்டது, ஆனால் சரியான முடிவை எடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

இந்தப் பரபரப்பில் ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. ஆட்டோஃபோகஸ் கேமராக்களின் திரையிலிருந்து அந்த வெட்டுக்கோட்டு வட்டம் காணாமல் போனது. மங்கிய ஜூம் லென்ஸுடனும் பளிச்சென்று தெரியும் புதுத் திரைகள் வந்தன. அவற்றில் படம் அழகாகத் தெரியும், ஃபோகஸ் தப்பியது தெரியாது. லென்ஸின் வளையம், மோட்டார் சீக்கிரம் சுழற்ற வசதியாகக் குறைந்த திருப்பத்துக்குள் சுருங்கியது. முன்பு முக்கால் வட்டம் திருகியதை இப்போது கால் வட்டத்தில் முடிக்க வேண்டும். மயிரிழை அசைந்தாலும் தாண்டிவிடும். பல லென்ஸ்களில் தூர அளவுகோலே இல்லை. பிறகு, ‘யார் இப்போது மேனுவலில் ஃபோகஸ் செய்கிறார்கள்’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஏணியை எடுத்துவிட்டு, ஏன் யாரும் மாடிக்கு ஏறவில்லை என்று கேட்கும் கதைதான்.

டிஜிட்டல் வந்தபோது இன்னொரு திருப்பம். ஃபிலிம் காலத்தில் தபால் அட்டை அளவு அச்சில் சிறு பிசகு மறைந்துகொள்ளும். கணினித் திரையில் கண் இமையை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் வந்ததும் ஒளிய இடமில்லை. ‘கண்ணுக்கு வைத்தேன், காதுக்குப் போய்விட்டது’ என்ற புலம்பல் எங்கும் கேட்டது. காரணம் எளிது. எஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸ் அளக்கும் உணரி அடியில் ஓரிடத்தில், படம் பிடிக்கும் உணரி பின்னால் வேறிடத்தில். இரண்டு பாதைகளுக்கும் நூலளவு வித்தியாசம் வந்தாலும் அளவு தப்பும். கிளோதே காலத்து வியாதியின் மறுபிறவி. 2007இல் வந்த கேனான், நிக்கான் உயர்ரகக் கேமராக்களில், ஒவ்வொரு லென்ஸுக்கும் எவ்வளவு முன்பின் தள்ள வேண்டும் என்று உரிமையாளரே திருத்திக்கொள்ள வசதி கொடுத்தார்கள். பிசகுக்குத் தக்கபடி நகர்த்திவை என்று 1840களில் சொன்னதுதான்.

கண்ணாடியை எடுத்துவிட்ட மிரர்லெஸ் கேமரா இதைத் தீர்த்தது. படம் பிடிக்கும் உணரியே ஃபோகஸையும் அளப்பதால் இரண்டு பாதை என்ற பேச்சே இல்லை. 2013இன் கேனான் 70டி கண்ணாடி உள்ள எஸ்எல்ஆர்தான், ஆனால் கண்ணாடியைத் தூக்கித் திரையில் பார்க்கும்போது அதில் ஒவ்வொரு பிக்ஸலும் இரண்டாகப் பிளந்து, இடது வலது ஒளியை ஒப்பிட்டது. மினோல்டா 7000-க்கு ஃபோகஸ் பார்க்க நடுவில் ஒரே இடம்தான். 2017இன் சோனி ஏ9-க்கு 693 புள்ளிகள். இவ்வளவு புள்ளிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? அதையும் இயந்திரமே எடுத்துக்கொண்டது. நிக்கானின் சிறு கேமராக்கள் 2005இல் முகத்தைக் கண்டுகொண்டன. அடுத்து கண், பிறகு நாயின் கண், பறவையின் கண். 2021இன் நிக்கான் இசட்9 ஒன்பது வகைப் பொருள்களை அடையாளம் காணும்; ரயில்வண்டி அதில் ஒன்று. ஒரு காலத்தில் மா. கிருஷ்ணன் போன்றவர்கள் பல்லாண்டுப் பழக்கத்தில் கற்ற பொறுமையின் ஒரு பாதி இப்போது மெனுவில் ஒரு வரி.

அதே மிரர்லெஸ் கேமரா மேனுவல் கட்சிக்கும் கைகொடுத்தது. வியூஃபைண்டருக்குள்ளேயே படத்தைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். கூர்மையாக விழும் விளிம்புகள் சிவப்பிலோ மஞ்சளிலோ மின்னும். ஐம்பது வருடப் பழைய லென்ஸ்களைத் தூசி தட்டி மாட்டினார்கள். ட்ஸைஸ் நிறுவனம் 2013இல் ஓட்டஸ் என்ற விலையுயர்ந்த லென்ஸை ஆட்டோஃபோகஸ் இல்லாமலே விற்றது. நீண்ட, கெட்டியான வளையம். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் திரும்பும்.

இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு சமரசம் முன்பே உண்டு. 1989இல் இஓஎஸ் 630இல் கேனான் கொண்டுவந்த மாற்றம்: ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்து, பின்னால் கட்டைவிரலுக்கு அருகிலுள்ள பொத்தானுக்குக் கொடுத்துவிடலாம். இயந்திரம்தான் ஃபோகஸ் செய்யும், ஆனால் கட்டைவிரல் கேட்கும்போது மட்டும். இன்றும் பறவைப் படம் எடுப்பவர்களில் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

இயந்திரம் திணறும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. நட்சத்திரம் எடுப்பவர் பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது புள்ளியாகச் சுருங்கும் வரை வளையத்தைத் திருகுவார். எறும்பின் தலையை எடுப்பவர் வளையத்தைத் தொடவே மாட்டார். தன் உடம்பையே மில்லிமீட்டர் கணக்கில் முன்பின் சாய்ப்பார். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் ஓமப்புகை, குறுக்கே பறக்கும் அட்சதை, முன்னால் நீளும் பத்துக் கைபேசிகள். லென்ஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடும். ‘ஹன்ட் பண்ணுது சார்’ என்பார் உதவியாளர். சினிமாவிலோ நடிகரின் முகத்துக்கும் லென்ஸுக்கும் இடையே நாடா பிடித்து அளந்து குறித்துக்கொண்டு, காட்சி ஓடும்போது வளையத்தைத் திருப்புவதற்கென்றே ஃபோகஸ் புல்லர் என்று ஒரு ஆள் இன்றும் சம்பளம் வாங்குகிறார். கதையில் எந்த நொடியில் பார்வை அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போக வேண்டும் என்பது அவர் விரலில் இருக்கிறது.

1992இல் கேனான் இஓஎஸ் 5இல் ஒரு விநோதத்தைச் சேர்த்தது. வியூஃபைண்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் புகைப்படக்காரரின் கருவிழியில் பாய்ச்சி, அவர் எங்கே பார்க்கிறார் என்று கண்டுபிடித்து, ஐந்து புள்ளிகளில் அந்தப் புள்ளிக்கு ஃபோகஸ் செய்யும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் வேலை செய்யாது. சிலருக்கு அற்புதம், மூக்குக்கண்ணாடி போட்டவர்களில் பலருக்கு வெறும் எரிச்சல். 1998இல் இஓஎஸ் 3இல் 45 புள்ளிகளோடு இன்னொரு முறை முயன்றார்கள். டிஜிட்டல் காலத்தில் கேனான் அதைக் கைவிட்டது. 2021இல், கண்ணையும் தலையையும் உடலையும் தானே கண்டுகொள்ளும் இஓஎஸ் ஆர்3இல், அதே வசதியைத் தூசி தட்டி மறுபடி வைத்தார்கள். கூட்டமாக ஓடிவரும் ஆட்டக்காரர்களில் இவர் பார்ப்பது யாரை என்பதை அந்தக் கேமராவால் தானாக ஊகிக்க முடியவில்லை. வாங்கியவர் முதலில் ஒரு சிறு வட்டத்தை உற்றுப் பார்த்து, கேமராவுக்குத் தன் கண்ணைப் பழக்க வேண்டும். வெயிலில் ஒரு முறை, வீட்டுக்குள் ஒரு முறை, மூக்குக்கண்ணாடி உண்டென்றால் அதைப் போட்டுக்கொண்டும் ஒரு முறை.